ஆசிலாஸ்கோப் திரைக்குப் பின்னால் ஒரு வத்திராயிருப்புக்காரர்!

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? அப்படியானால் கிருஷ்ணன்கோவில் உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் வரும் நிறுத்தம். கலசலிங்கம் பல்கலைக்கழக மாணவர்கள் கூட்டமாக இறங்குவார்கள். அவர்கள் இறங்கிய பிறகு, மலை இருக்கும் பக்கமாக ஒரு ரோடு பிரிந்து போவதைக் கவனித்திருக்கிறீர்களா? வயல், தென்னந்தோப்பு, கண்மாய் என்று போகும் அந்த ரோடு நேராக வத்திராயிருப்பில் கொண்டுபோய் விடும். சதுரகிரிக்குப் போகிறவர்கள், பிளவக்கல் அணை பார்க்கப் போகிறவர்கள் எல்லாருக்கும் அதுதான் வழி.

அந்த வத்திராயிருப்பில் பிறந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊர்ப் பெயரில் கிருஷ்ணன் இருக்கிறதே என்று நினைத்துவிடாதீர்கள். கிருஷ்ணன்கோவிலுக்கும் அவருக்கும் பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். அவர் பெயர் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். சுருக்கமாக, கே.எஸ்.கிருஷ்ணன்.

இவரை ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டுபிடித்தவர் என்று சிலர் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் அவர் கதையில் பாதிக்கு மேல் விட்டுப்போகும். இன்றைக்கு நீங்கள் வாங்கும் ஒரு கிலோ அரிசி, போடும் ஒரு லிட்டர் பெட்ரோல், உங்கள் கைக்கடிகாரம் காட்டும் நேரம், கிருஷ்ணன்கோவில் கல்லூரி லேபில் பச்சைக் கோடு காட்டும் ஆசிலாஸ்கோப் என எல்லாவற்றுக்கும் பின்னால் இவர் கட்டி எழுப்பிய ஒரு நிறுவனம் நிற்கிறது. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அந்தப் பச்சைக் கோடு நிஜம் சொல்கிறதா?

முதலில் ஆசிலாஸ்கோப் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் இதை 'சி.ஆர்.ஓ.' என்பார்கள். படிக்காதவர்களும் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். வட்டமாகவோ சதுரமாகவோ ஒரு திரை, அதில் ஏறி இறங்கி ஓடும் ஒரு ஒளிக்கோடு. மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது, இல்லையா? அதைக் கோடாக வரைந்து காட்டுவதுதான் இதன் வேலை. திரையில் மேலும் கீழும் போவது வோல்ட். இடமிருந்து வலம் போவது நேரம். அவ்வளவுதான் விஷயம்.

திரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். வழக்கமாக உயரத்தில் 8 கட்டம், அகலத்தில் 10 கட்டம். ஒரு கட்டத்துக்கு இத்தனை வோல்ட், ஒரு கட்டத்துக்கு இத்தனை மில்லிசெகண்ட் என்று குமிழைத் திருகி வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். கட்டத்துக்கு 5 மில்லிசெகண்ட் என்று வைத்துப் பார்த்தால் ஒரு அலை சரியாக 4 கட்டத்தில் முடிய வேண்டும்.

முடியாவிட்டால்? மின்சாரம் தப்பா, மெஷின் தப்பா?

இந்தக் கேள்விதான் முழுக் கதையும். நீங்கள் ஒரு கருவியை நம்பி இன்னொரு கருவியை ரிப்பேர் பார்க்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர், ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில்லில் நூலின் கனத்தைக் கண்காணிக்கும் சென்ஸார், இதையெல்லாம் பழுது பார்க்கிறவர் கையில் இருக்கும் ஆசிலாஸ்கோப்பே தப்பாக அளந்தால் என்ன ஆகும்? நன்றாக இருந்ததை அவர் கெடுத்துவிட்டு, சரி பண்ணிவிட்டேன் என்று நிம்மதியாகப் போய்விடுவார்.

அதனால்தான் காலிப்ரேஷன். தமிழில் அளவுத்திருத்தம் என்று எழுதுகிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு வித்தியாசத்தை அழுத்திச் சொல்வார்கள். காலிப்ரேஷன் என்றால் திருத்துவது இல்லை. ஒப்பிட்டுப் பார்த்து, எவ்வளவு தப்பு என்று எழுதி வைப்பது. திருகித் திருத்துவது அதற்கு அடுத்த வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எப்படி ஒப்பிடுவார்கள்? கருவியை ஆன் செய்து முதலில் அரைமணி நேரம் சூடேற விடுவார்கள். பிறகு, சந்தேகத்துக்கு இடமில்லாத 5 வோல்ட்டை உள்ளே கொடுப்பார்கள். கட்டத்துக்கு 1 வோல்ட் என்று வைத்தால் கோடு 5 கட்டம் ஏற வேண்டும். 5.2 கட்டம் ஏறினால் 4 சதவிகிதம் தப்பு. பழைய சி.ஆர்.ஓ. பலவற்றுக்கும் தயாரிப்பாளர் தரும் உத்தரவாதம் கூட்டியோ குறைத்தோ 3 சதவிகிதம்தான். ஆக, இது ஃபெயில். நேரத்துக்கும் அதே மாதிரிதான். துல்லியமான இடைவெளியில் வரும் நேரத் துடிப்புகளைக் கொடுத்து, அவை திரையின் கோடுகள் மேல் வந்து உட்காருகின்றனவா என்று பார்ப்பார்கள்.

எல்லாம் சரி, அந்த 5 வோல்ட் சரியான 5 வோல்ட்தான் என்று யார் சொன்னது? அதைக் கொடுத்த கருவியை இன்னொரு லேபில் சோதித்திருப்பார்கள். அந்த லேபை? அதைவிடத் துல்லியமான ஒரு லேப். இப்படியே படி ஏறிப் போனால் கடைசியில் ஒரு வாசலில் நிற்பீர்கள். டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம், அதாவது என்.பி.எல். அதற்கு மேல் இந்தியாவில் படி கிடையாது. அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர்தான் நம் வத்திராயிருப்புக்காரர்.

மலையடிவாரத்துப் பையன்

கிருஷ்ணன் பிறந்தது 1898 டிசம்பர் 4. அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான், 1897-ல், ஜெர்மனியில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் என்பவர் முதல் கேதோடு கதிர் குழாயை ஆசிலாஸ்கோப்பாகப் பயன்படுத்திக் காட்டினார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயசு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்பா விவசாயி. வெறும் விவசாயி இல்லை. தமிழும் சமஸ்கிருதமும் ஆழமாகப் படித்தவர். வீட்டில் இலக்கியமும் வயலில் நெல்லும் வளர்ந்த குடும்பம். கிருஷ்ணன் பள்ளிப் படிப்பைச் சொந்த வட்டாரத்திலேயே முடித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளிக்கு அவரைத் தன் பழைய மாணவர் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை உண்டு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி. அங்கிருந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அந்தக் காலத்தில் அது தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது.

பட்டம் வாங்கியதும் அதே கல்லூரியில் வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. படித்ததோ இயற்பியல்! ஆனால் கிருஷ்ணன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மதிய சாப்பாட்டு இடைவேளையில் மாணவர்களைச் சேர்த்து உட்கார வைத்து, இயற்பியல், வேதியியல், கணக்கு என்று எதில் வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள் என்று சொல்லிவிடுவார். விஷயம் பரவி, மற்ற கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பாடத்திட்டம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, மார்க் கிடையாது. ஆனாலும் கூட்டம் வந்தது. இந்த மனுஷன் பின்னால் எப்படிப்பட்ட ஆய்வகத் தலைவராக இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கான விதை அந்த மதிய வேளையிலேயே விழுந்துவிட்டது.

பக்கத்தில் நின்றவர்

1920-களின் தொடக்கத்தில் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் சி.வி.ராமன் ஒளியைத் துரத்திக்கொண்டிருந்தார். கிருஷ்ணன் அவருடைய குழுவில் சேர்ந்தார்.

1928 பிப்ரவரியில் நடந்ததை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு நிற ஒளியைத் திரவத்தில் விட்டால், சிதறி வெளியே வருவதில் கொஞ்சம் வேறு நிறத்தில் வருகிறது. அதுதான் ராமன் விளைவு. ஆனால் புத்தகத்தில் ஒரு வரியாக இருப்பது லேபில் எப்படி நடந்தது தெரியுமா? சூரிய வெளிச்சத்தை லென்ஸால் குவித்து, நிற வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்து, இருட்டுக்குப் பழகிய வெறும் கண்ணால் மங்கலான தடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு திரவத்தில் இல்லை, சுமார் 60 திரவங்களில்! ஒவ்வொன்றையும் தூசு இல்லாமல் சுத்தப்படுத்த வேண்டும். துளி அழுக்கு இருந்தாலும் அதுவே ஒளிர்ந்து ஏமாற்றிவிடும். இந்தப் பொறுமைக்கார வேலையின் பெரும்பங்கைச் செய்தவர் கிருஷ்ணன். அந்த நாட்களில் நடந்ததை அவர் நாட்குறிப்பாகவும் எழுதி வைத்தார்.

'நேச்சர்' இதழில் 1928 மார்ச் 31 அன்று வெளியான கட்டுரையில் இரண்டு பெயர்கள் இருந்தன. ராமன், கிருஷ்ணன். 1930-ல் நோபல் பரிசு ஒருவருக்கு வந்தது. விளைவின் பெயரிலும் ஒருவர்தான் நின்றார்.

இது நியாயமா, அநியாயமா என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது. யோசனையும் வழிநடத்தலும் ராமனுடையது என்பதில் சந்தேகமில்லை. பார்த்த கண்களில் கிருஷ்ணனின் கண்ணும் உண்டு என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அதற்குப் பிறகு கிருஷ்ணன் என்ன செய்தார்? வாழ்நாள் முழுக்க அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. அந்த 1928 முடிவதற்குள் கல்கத்தாவை விட்டுக் கிளம்பி டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போய்விட்டார். சத்யேந்திரநாத் போஸ் இருந்த இடம் அது. அங்கே, யார் நிழலிலும் இல்லாமல், முழுக்கத் தனக்கென்று ஒரு துறையைத் தொடங்கினார்.

படிகத்தைத் தொங்கவிட்டவர்

அந்தத் துறைதான் படிகங்களின் காந்தத்தன்மை. கேட்கக் கடினமாக இருக்கும், கருத்து எளிமையானது. ஒரு மரக்கட்டையைப் பிளந்தால் நரம்பு போகும் திசையில் சுலபமாகப் பிளக்கும், குறுக்கே பிளக்காது, இல்லையா? அதுபோலப் படிகங்களுக்கும் திசை உண்டு. காந்தப்புலம் ஒரு திசையில் ஒரு மாதிரியும், இன்னொரு திசையில் வேறு மாதிரியும் அவற்றைப் பாதிக்கும். அந்த வித்தியாசத்தை அளந்துவிட்டால், உள்ளே மூலக்கூறுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஊகிக்கலாம்.

ஆனால் அந்த வித்தியாசம் மிக மிகச் சின்னது. எப்படி அளப்பது?

கிருஷ்ணன் ஒரு வழி கண்டார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சின்னப் படிகத்தைக் கட்டிக் காந்தப்புலத்துக்கு நடுவே தொங்கவிட்டார். இழையின் மேல்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். படிகம் தன் திசையை விட மனசில்லாமல் முறைத்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கணத்தில் எத்தனை கோணம் திருகினோம் என்று பார்த்தால் போதும். படிகத்தின் பிடிவாதம் எவ்வளவு என்ற கணக்கு கையில் வந்துவிடும்.

இன்னொரு முறை இதைவிட அழகு. படிகத்தை ஒரு திரவத்தில் மூழ்கவிட்டு, அந்தத் திரவத்தின் காந்தத்தன்மையைக் கரைசலைக் கூட்டிக் குறைத்து மாற்றிக்கொண்டே போவது. படிகமும் திரவமும் சமமான நொடியில் காந்தத்தால் படிகத்தை அசைக்க முடியாது. தெரிந்த ஒன்றின் பக்கத்தில் தெரியாத ஒன்றை வைத்து, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும் இடத்தைக் கண்டுபிடிப்பது.

நம் ஊர்க் கடைத் தராசும் இதைத்தானே செய்கிறது? ஒரு தட்டில் படிக்கல், இன்னொரு தட்டில் சாமான். முள் நடுவில் நின்றால் சரி. 5 வோல்ட்டைக் கொடுத்து ஆசிலாஸ்கோப்பைச் சோதிப்பதும் அதே அறிவுதான். அளவுத்திருத்தம் என்ற தொழில் இவர் தலைக்கு வருவதற்கு இருபது வருஷம் முன்பே இவர் கைக்கு வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

1933-ல் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கல்கத்தாவுக்கே திரும்பி வந்தார். 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவர். 1946-ல் ஆங்கில அரசு 'சர்' பட்டம் கொடுத்தது. நாற்பத்தெட்டு வயசுக்குள் ஒரு விஞ்ஞானி ஆசைப்படக்கூடிய எல்லாம் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது.

சேர், வீசை, படி... எதை நம்புவது?

1947 ஜனவரி 4-ம் தேதி, டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். சுதந்திரமே இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நாடு பிறப்பதற்கு முன்பே அதற்கு அளவுகோல் தேவை என்று சிலர் யோசித்திருக்கிறார்கள். அதை நடத்த கிருஷ்ணனைக் கூப்பிட்டார்கள். 1950 ஜனவரி 21-ல் சர்தார் படேல் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார். குடியரசு நாளுக்கு ஐந்து நாள் முன்னால்.

அந்தக் காலத்து இந்தியாவில் அளவு என்பது எப்படி இருந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நம் பக்கம் நெல்லுக்கு மரக்கால், அரிசிக்குப் படி, புளிக்கு வீசை, தங்கத்துக்குக் குன்றிமணி. வடக்கே போனால் சேர், மணங்கு. அதிலும் ஒரு ஊர்ச் சேர் இன்னொரு ஊர்ச் சேராக இருக்காது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. படிக்காத விவசாயி நெல்லைக் கொண்டுபோய் மண்டியில் இறக்கினால், யார் படியால் அளந்தார்களோ அவர்களுக்குத்தான் லாபம். அளவு குழம்பியிருந்தால் ஏமாறுவது எப்போதும் ஏழைதான்.

1956-ல் எடையளவுத் தரச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா. அதே வருஷம் இந்தியா சர்வதேச மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோவும் மீட்டரும் படிப்படியாகக் கடைக்கு வந்தன. சட்டம் போட்டால் போதுமா? ஒரு கிலோ என்றால் எது என்று காட்ட ஒரு பொருள் வேண்டாமா? அது என்.பி.எல்.-லில் இருக்கிறது. பாரிஸ் பக்கத்து செவ்ரே நகரில் இருக்கும் மூலக் கிலோவின் நகல், எண் 57. பிளாட்டினமும் இரிடியமும் கலந்த சின்ன உருளை. உயரம் 39 மில்லிமீட்டர், குறுக்களவும் 39 மில்லிமீட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் நம் மாவட்டத்து மளிகைக்கடைப் படிக்கல்லில் முத்திரை குத்துகிறார்களே, அந்த முத்திரையின் வேர் வெகுகாலம் அந்த உருளையில்தான் இருந்தது. 2019 மே 20 முதல் உலகம் கிலோவை ஓர் இயற்கை மாறிலியை வைத்து வரையறுக்கிறது. ஆனாலும் வேர் போகும் வாசல் அதே டெல்லி ஆய்வகம்தான்.

எடை மட்டுமில்லை. நீளம், வெப்பம், மின்சாரம், நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் இந்தியாவுக்கென்று ஒரு மூல அளவை உருவாக்க வேண்டியிருந்தது. 1959-ல், கிருஷ்ணன் இயக்குநராக இருந்தபோதே, ஏ.டி.ஏ. என்ற அழைப்புக்குறியோடு துல்லியமான நேரத்தையும் அலைவரிசையையும் வானொலி அலையில் ஒலிபரப்ப ஆரம்பித்தது என்.பி.எல். அதன் பயன் என்ன தெரியுமா? எங்கோ ஒரு மூலையில் ரேடியோவும் ஆசிலாஸ்கோப்பும் வைத்திருந்த ஒருவர், டெல்லிக்குப் போகாமலே, அந்த ஒலிபரப்பைப் பிடித்துத் தன் கருவியின் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது.

இன்னொரு விஷயம். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பலருக்கு ஆராய்ச்சி போய்விடும்; கோப்புகள்தான் மிஞ்சும். கிருஷ்ணன் அப்படி விடவில்லை. எஸ்.சி.ஜெயினோடு சேர்ந்து, சூடேற்றிய உலோகங்களிலிருந்தும் கிராஃபைட்டிலிருந்தும் எலெக்ட்ரான்கள் எப்படி வெளியே வருகின்றன என்று அளந்துகொண்டிருந்தார். இதற்கும் ஆசிலாஸ்கோப்புக்கும் நேரடி உறவு உண்டு. பழைய சி.ஆர்.ஓ. குழாயின் பின்பக்கம் சின்னதாக ஒரு கேதோடு சிவப்பாக எரியும். அதன் சூட்டில் கிளம்பும் எலெக்ட்ரான்கள்தான் திரையில் மோதி அந்தக் கோட்டை வரைகின்றன. அந்தச் சூட்டின் இயற்பியலைத்தான் கடைசி வருஷங்களில் கிருஷ்ணன் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1954-ல் பத்மபூஷண் வந்தது. பட்நாகர் பரிசு ஆரம்பித்த 1958-ல் முதல் பரிசே இவருக்குத்தான். நேருவுக்கு இவர் மேல் இருந்த மதிப்பு, விஞ்ஞானி என்பதைத் தாண்டி, முழுமையான மனிதர் என்ற மதிப்பு. 1961 ஜூன் 14-ல், இயக்குநர் பொறுப்பில் இருக்கும்போதே, கிருஷ்ணன் காலமானார். வயது 62.

அடுத்த வருஷம் பொதுத்தேர்தல். வாக்காளர்கள் விரலில் முதன்முறையாக அழியாத மை வைத்தார்கள். அது என்.பி.எல்.-லில் உருவான மை. அதைக் கிருஷ்ணன் கண்டுபிடித்தார் என்று சொல்லக் கூடாது. ஆனால் அவர் கட்டிய வீட்டில் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம்.

ரிப்பேர் பெஞ்சில் அவர் பாடம்

இப்போது மறுபடி கிருஷ்ணன்கோவில் பக்கம் வருவோம். ஒரு பொறியியல் கல்லூரியில் எத்தனை சி.ஆர்.ஓ. இருக்கும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு செமஸ்டரும் நூற்றுக்கணக்கான கைகள் திருகுகின்றன. பழுதாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தக் கருவியை ரிப்பேர் பார்க்கும் நல்ல டெக்னீஷியன்களிடம் ஓர் ஒழுங்கு இருக்கும். கோடே வரவில்லை என்றால் உடனே மூடியைக் கழற்ற மாட்டார்கள். வெளிச்சக் குமிழ் குறைத்து வைத்திருக்கிறதா, கோட்டைத் திரைக்கு வெளியே தள்ளி வைத்திருக்கிறதா, டிரிகர் ஆட்டோவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாதி 'ரிப்பேர்' இங்கேயே முடிந்துவிடும். அடுத்து ஃபியூஸ். அதற்கடுத்து பவர் சப்ளை. வயசான கருவிகளில் மின்தேக்கிகள் உள்ளே காய்ந்துபோயிருக்கும், கோடு நடுங்கும். கட்டத்துக்கு எத்தனை வோல்ட் என்று மாற்றும் சுவிட்சில் அழுக்கு ஏறி, அளவு தாவித் தாவிக் காட்டும்.

மூடியைக் கழற்றினால் ஓர் எச்சரிக்கை. படக்குழாய்க்குப் போகும் மின்சாரம் 2,000 வோல்ட் அளவுக்கும் மேலேயும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் அது தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் இந்தப் பெட்டிக்குள் கை விடவே கூடாது.

அளவைத் திருத்தும்போதும் வரிசை முக்கியம். முதலில் பவர் சப்ளை வோல்ட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். மற்ற எல்லாம் அதை நம்பித்தான் நிற்கிறது. பிறகு உயர அளவு, அதற்குப் பிறகு நேர அளவு. கடைசியில் ப்ரோப். இந்தக் கடைசி வேலையை மட்டும் மாணவர்களே செய்துகொள்ளலாம். பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுக்கும் ப்ரோப்பைக் கருவியின் முகப்பிலேயே இருக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை முனையில் மாட்டுங்கள். அலையின் மூலை மழுங்கித் தெரிந்தாலோ, கொம்பு முளைத்த மாதிரி தூக்கித் தெரிந்தாலோ, ப்ரோப்பில் இருக்கும் சின்னத் திருகை பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்புங்கள். மூலை செங்கோணமாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். கிருஷ்ணன் குவார்ட்ஸ் இழையைத் திருகிய அதே பொறுமை இதற்குப் போதும்.

எல்லாம் முடிந்தபின் கருவியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். என்றைக்கு அளந்தது, அடுத்து என்றைக்கு என்று இரண்டு தேதி. சும்மா ஒட்டிய ஸ்டிக்கரா, நிஜமாக அளந்ததா? அதை எப்படித் தெரிந்துகொள்வது? சான்றிதழைக் கேளுங்கள். அதில் எந்தக் கருவியோடு ஒப்பிட்டார்கள், அந்தக் கருவி எந்த ஆய்வகத்தோடு ஒப்பிடப்பட்டது, எவ்வளவு தப்பு இருந்தது, அந்த அளவிலேயே எவ்வளவு சந்தேகம் மிச்சமிருக்கிறது என்று எழுதியிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 17025 தரப்படி அங்கீகாரம் பெற்ற லேப் என்றால் இதெல்லாம் இருக்கும். 'சரியாக இருக்கிறது' என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். தன் தப்பு எவ்வளவு என்று சொல்லாத அளவு, அளவே இல்லை.

இதை லேபுக்கு மட்டுமான விஷயமாக நினைக்காதீர்கள். வீட்டில் பி.பி. பார்க்கும் மெஷின் வைத்திருக்கிறீர்களா? அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய், அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்ரோல் பங்க்கில் 5 லிட்டர் அளவுக் குவளை இருக்கும். அளந்து காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. காய்கறிக் கடை எலெக்ட்ரானிக் தராசில் முத்திரை இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இந்த உரிமைக்காகத்தான் ஒரு பெரிய விஞ்ஞானி தன் வாழ்க்கையின் கடைசிப் பதினான்கு வருஷத்தைக் கொடுத்தார்.

டெல்லியில் என்.பி.எல். இருக்கும் சாலைக்கு டாக்டர் கே.எஸ்.கிருஷ்ணன் மார்க் என்று பெயர். அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு வத்திராயிருப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும்? அதை விடுங்கள், கிருஷ்ணன்கோவிலில் பஸ் விட்டு இறங்கி, லேபுக்குள் போய், சி.ஆர்.ஓ.-வை ஆன் செய்யும் மாணவர்களில் எத்தனை பேருக்குக் கிருஷ்ணனைத் தெரியும்?

பிப்ரவரி 28 வந்தால் பள்ளிகளில் தேசிய அறிவியல் தினம் கொண்டாடுவார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை ராமனைப் பற்றிப் பேச்சுப் போட்டிக்குத் தயாராகும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுரையில் இருந்த இரண்டாவது பெயரையும் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பெயருக்குரியவர் நம் மலையடிவாரத்துக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூரில் படித்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.